ஸ்ரீ ரமணாசிரமம்: வகுப்பு நடத்தாத ஓர் இடத்தில் தங்குவது பற்றி

திருவண்ணாமலை செங்கம் சாலையில், அருணாசலேசுவரர் கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் ஸ்ரீ ரமணாசிரமத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை பக்தர்கள் பக்தர்களுக்காக எழுதியவை. நான் அங்கே பக்தனாகப் போகத் தொடங்கவில்லை. அலுவலகமும் குடும்பமும் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடும் வாழ்க்கையில், செய்கிற காரியத்தில் மனம் கொஞ்சமாவது நிற்க வேண்டும் என்ற தேவையோடு, விருந்தினனாகத் தங்கிவரத் தொடங்கினேன். இப்போதும் ஆண்டுதோறும் சில நாட்கள் தங்கி வருகிறேன். ஆகவே இந்த மதிப்புரை ஒரே கேள்வியை அளவுகோலாகக் கொள்கிறது: அங்கே தங்கிவிட்டு வீடு திரும்பும் ஒரு சம்சாரிக்கு, அன்றாடத்தில் பயன்படக்கூடிய எதை அந்த இடம் தருகிறது?

அது தராதவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அங்கே தியான வகுப்பு கிடையாது. பயிற்சிக் கட்டணமும், பாடத்திட்டமும், அடுத்த நிலைக்குத் தேறிவிட்டதாகக் கொடுக்கும் சான்றிதழும் கிடையாது. தீட்சை கொடுப்பவர் எவரும் இல்லை. தம் இடத்தில் அமர்ந்து உபதேசம் செய்ய ஒரு குருவை நியமிக்காமலேயே ரமணர் 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விட்டார். அதற்குப் பிறகு ஆசிரமத்திற்கு நிருவாகத் தலைவர்கள் உண்டே தவிர, அவர் அமர்ந்திருந்த கட்டிலுக்கு உரிமை கோரியவர் இல்லை. அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று நண்பர்கள் கேட்கும்போது, ஒன்றும் சொல்லித் தருவதில்லை என்பதே சரியான விடையாக இருக்கிறது. இந்த விடையைக் கேட்டு ஆர்வம் குறைகிறவர்கள் தொடர்ந்து படிக்கத் தேவையில்லை. அவர்களுக்கு வேறு நல்ல இடங்கள் உள்ளன.

சொல்லித் தரும் இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு விடுதியில், வார இறுதியில் நடந்த 'மைண்ட்ஃபுல்னெஸ்' முகாம் ஒன்றில் பங்கெடுத்தேன். அங்கே ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, அதைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மிக மெதுவாக மென்று உண்ணச் சொன்னார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் ஜான் கபட்-ஜின் தொடங்கிய மனஅழுத்தக் குறைப்புத் திட்டத்தின் வழியாக உலகெங்கும் பரவிய பயிற்சி அது. நாட்பட்ட வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காக எட்டு வாரக் காலத்திற்கு வகுக்கப்பட்ட திட்டத்தின் ஒரு துண்டு. பயிற்சியில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் திராட்சை முடிந்ததும் நாங்கள் அனைவரும் பஃபே மேசைக்கு ஓடி, தட்டு நிறைய அள்ளிக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்தபடியே சாப்பிட்டோம்; அதைப் பற்றி அந்த முகாமில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கவனம் என்பதற்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்கிவிட்டால், மீதி நேரம் முழுவதும் கவனமின்மைக்கு என்று ஆகிவிடுகிறது. ரமணாசிரமத்தில் அப்படி ஒதுக்கப்பட்ட நேரம் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு என்று நான் கருதுகிறேன். அந்தச் சிறப்பு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் தியானக் கூடத்தை விடச் சாப்பாட்டுக் கூடமே.

தங்கும் ஏற்பாடு எளிமையானது. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். முதல் முறை வருபவர்களுக்குச் சில நாட்களே கிடைக்கும். அறையில் கட்டில், மின்விசிறி, குளியலறை ஆகியவை இருக்கும்; துப்புரவாக இருக்கும்; அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அறைக்கோ உணவுக்கோ கட்டணம் கிடையாது. புறப்படும்போது விரும்பியதைக் காணிக்கையாகச் செலுத்தலாம். செலுத்தாமல் போனாலும் எவரும் கேட்பதில்லை. கட்டணம் இல்லாத இடத்திற்கு மதிப்புரை எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு: வாடிக்கையாளன் என்ற உரிமை நம்மிடமிருந்து கழன்றுவிடுகிறது. வெந்நீர் வரத் தாமதமானால் யாரிடம் சண்டை போடுவது? தொடக்கத்தில் இது எரிச்சலைத் தந்தது. பிறகுதான், குறை சொல்வதற்கான வேட்டையில் என் மனம் எவ்வளவு நேரத்தைச் செலவிடுகிறது என்பது எனக்கே தெரியவந்தது.

நாளின் ஒழுங்கு கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. காலை ஆறரை மணியளவில் ரமணரின் சமாதியில் பால் நிவேதனம். அதைத் தொடர்ந்து சிற்றுண்டி. எட்டு மணிக்கு வேத பாராயணம், பிறகு பூசை. பத்து மணிக்கு மேல் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் உணவளிக்கும் நாராயண சேவை. பதினொன்றரைக்கு மதிய உணவு. மாலை நான்கு மணிக்குத் தேநீரோ பாலோ. ஐந்து மணிக்கு மீண்டும் வேத பாராயணம். ஆறரைக்குத் தமிழ்ப் பாராயணம். ஏழரைக்கு இரவு உணவு. இவற்றுள் எதிலும் கலந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உணவுக்கு மட்டும் நேரத்தில் வந்துவிட வேண்டும். ரமணர் கடிகாரத்தை மதித்தவர். குளிப்பது, உலாவப் போவது, அன்றைய தபாலைப் பார்ப்பது எல்லாம் குறித்த நேரத்தில் நடந்தன என்பதை அவரோடு வாழ்ந்தவர்கள் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாம் மாயை என்று சொல்பவர்களிடம் நேர ஒழுங்கை எதிர்பார்க்காத நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை வரிசையாகத் தரையில் அமர வேண்டும். தரையில் உட்கார இயலாதவர்களுக்கு மேசை வசதி உண்டு. முன்னால் தைத்த இலை, ஒரு தம்ளர் தண்ணீர். வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுபவர்கள் விரைந்து வருவார்கள்; வேண்டாம் என்றால் இலைக்கு மேலே கையை நீட்ட வேண்டும், அதுவும் அவர்கள் வருவதற்கு முன்பே. சோறு, கூட்டு, சாம்பார், ரசம், மோர். காரம் குறைவு, சுவை வீட்டுச் சாப்பாட்டுக்கு நெருக்கமானது, உணவகத்தின் எண்ணெய்ப் பளபளப்பு இல்லை. இரைச்சல் இல்லாமல் சாப்பிடுகிறார்கள், ஆனால் மௌனம் கட்டளையிடப்பட்டதாகத் தோன்றுவதில்லை. இலையில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்க வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்து இலைகள் துடைத்ததுபோல் இருக்கும்போது நம் இலையில் கிடக்கும் கறிவேப்பிலை நம்மை உறுத்தும்.

இந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் ஒழுங்குக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது; அதை அறிந்துகொண்டு அமர்ந்தால் உணவின் பொருளே மாறிவிடுகிறது. 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்த வேங்கடராமன் (பின்னாளில் ரமணர்), வீடு என்பதையே விட்டு வந்தவர். கோயிலிலும் பின்னர் மலைக்குகைகளிலும் இருந்த ஆண்டுகளில் அவர் உண்டது பிச்சையுணவும் மற்றவர்கள் கொண்டுவந்து கொடுத்ததும்தான். 1916-இல் தாய் அழகம்மாள் மகனோடு நிலையாக இருக்க வந்து சேர்ந்தார். மலைமேல் உள்ள கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கியவர் அவரே. துறந்து வந்த மகனின் வாசலுக்கு, அம்மாவின் கையோடு, அடுப்பும் பாத்திரமும் உப்புப் புளியும் வந்து சேர்ந்தன. 1922 மே மாதம் அவர் மறைந்து, மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்ட பிறகு, அந்தச் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது. ஒரு விதத்தில் இது ஓர் அம்மாவின் சமையலறையைச் சுற்றி எழுந்த ஆசிரமம்.

கூட்டம் பெருகும் வரை பல ஆண்டுகள் ரமணர் அந்தச் சமையலறையில் தாமே வேலை செய்தார். விடியலுக்கு வெகு நேரம் முன்பே எழுந்து காய்கறி நறுக்குவார், சட்னி அரைப்பார், குழம்பைப் பதம் பார்ப்பார், உடன் வேலை செய்த பெண்களுக்குப் பக்குவம் சொல்லித் தருவார். காம்பு, தண்டு என்று பிறர் கழித்துப் போடுவதை வீணாக்க விடமாட்டார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது அவர் வழக்கம். ஒரு பக்கம் எழுதப்பட்ட தாள்களைச் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடு செய்வார், இலை தைப்பார், கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுவார். தனக்கு மட்டும் ஒன்று கூடுதலாகப் பரிமாறப்பட்டால் கடிந்துகொள்வார்; மற்றவர்களுக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்பது அவர் இறுதிவரை விடாத பிடிவாதம். இந்தக் கறார்த்தனம் திருவண்ணாமலையில் வந்ததன்று என்று நினைக்கிறேன். மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் பயணத்திற்கு மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயையும், கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்ற தகவலையும் கடிதத்தோடு வைத்துவிட்டு வந்தவர் அவர். உலகைத் துறக்கப் போகிற பையன் சில்லறைக் கணக்கைச் சரியாக ஒப்படைத்துவிட்டுப் போகிறான். கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தச் செய்தி மற்ற எல்லா அற்புதக் கதைகளையும் விடப் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியைச் சேர்ந்த தெலுங்குப் பண்டிதர் ஒருவர், பலனை விரும்பாமல் வேலை செய்வது எப்படி என்று ரமணரிடம் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. பிறகு மலையில் உலாவப் போனபோது, வழியில் கிடந்த முள் நிறைந்த ஒரு கிளையை எடுத்து, உட்கார்ந்து அதைச் செதுக்கத் தொடங்கினார். முட்களை வெட்டி, கணுக்களைச் சமன் செய்து, சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகேற்றி அதை ஒரு கைத்தடியாக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. எல்லோரும் அதன் பளபளப்பைப் பார்த்து வியந்துகொண்டிருக்கையில், தன் கோலைத் தொலைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்ற ஆட்டிடையச் சிறுவன் ஒருவனிடம் அதைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பண்டிதர் சொன்னார். இந்த நிகழ்ச்சியில் எல்லோரும் கோலைக் கொடுத்துவிட்ட கடைசிக் கணத்தையே பேசுகிறார்கள். எனக்கோ அந்த ஆறு மணி நேரம்தான் முக்கியம்: யாருக்கு என்று தெரியாத ஒரு கோலில் ஒரு கணுவைக்கூட அவர் அரைகுறையாக விடவில்லை.

மதிய உணவுக்கு முன்பே நாராயண சேவை நடப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பரிமாறுபவர் ஒருவர், காத்திருந்த சாதுக்களைப் பிறகு வாருங்கள் என்று அதட்டியதும், ரமணர் சாப்பாட்டுக் கூடத்திற்குள் வராமல் வெளியே ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார் என்பதும், அன்று முதல் ஏழைகளுக்கே முதல் உணவு என்று ஆனதும் ஆசிரம வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அதே வரலாற்றில் நம்மை நெருடும் பக்கமும் உண்டு. அவர் இருந்த காலத்தில், வைதிக ஆசாரம் பேணிய பிராமணர்கள் தனியே அமர்ந்து உண்ணும்படி கூடத்தில் ஒரு தடுப்பு இருந்தது. ரமணர் இரு பக்கத்தாருக்கும் தெரியும்படியான இடத்தில் அமர்ந்து உண்டார். அது அன்றைய சூழலுக்கு அவர் காட்டிய பொறுமை என்று விளக்குவார்கள். கூடுதல் நெய்யைக்கூட ஏற்காதவர் இந்தத் தடுப்பை ஏன் ஏற்றார் என்ற கேள்வி எனக்கு அந்த விளக்கத்தால் தீரவில்லை.

பழைய ஹால் என்று அழைக்கப்படும் சிறிய கூடத்தில்தான் ரமணர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பகலும் இரவும் இருந்தார். அவர் சாய்ந்திருந்த கட்டிலில் இப்போது அவருடைய படம் இருக்கிறது. அங்கே பேசக் கூடாது. கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். மற்றபடி எப்படி உட்காருவது, கண்ணை மூடுவதா திறப்பதா என்று யாரும் சொல்வதில்லை. முதுகை நேராக்கிச் சிலை போல் இருக்கும் வெளிநாட்டவர் பக்கத்திலேயே, தூணில் சாய்ந்து லேசாகக் குறட்டை விடும் பெரியவர் இருப்பார். இருவருக்கும் அங்கே இடம் உண்டு. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1931-இல் வந்து சென்று எழுதியதன் விளைவாக வெளிநாட்டார் வரத்து பெருகியது, இன்றும் குறையவில்லை.

வழிகாட்டுதல் இல்லாமல் அந்தக் கூடத்தில் உட்காருவது முதல் முறை வருபவருக்குக் கடினம். மனம் சிறிது நேரத்திலேயே அலுவலகத்திற்குப் போய்விடும். அங்கே என்ன செய்வது என்பதற்கு ஆசிரமத்தில் கிடைக்கும் ஒரே விடை, புத்தக நிலையத்தில் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் 'நான் யார்?' என்ற சிறு நூல்தான். அது பிறந்த விதமே நம் கேள்விக்குப் பொருத்தமானது. தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-இல் விரூபாட்ச குகைக்கு வந்து கேள்விகள் கேட்டார். அப்போது பேசாமல் இருந்த இளம் ரமணர் மணலிலும் சிலேட்டிலும் எழுதி விடையளித்தார். 1923-இல்தான் அந்த விடைகள் அச்சேறின. கேட்டவர் ஒரு தாலுகா, கலெக்டர் அலுவலக உலகத்து மனிதர். ஆகவே சொல்லப்பட்ட வழியும் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஓர் எண்ணம் எழுந்தால், அதை முழுதாக ஓட்டிப் பார்க்காமல், இது யாருக்கு எழுந்தது என்று பார்க்க வேண்டும். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று திரும்பினால், மனம் தான் கிளம்பிய இடத்துக்கே மீளும். எத்தனை எண்ணங்கள் எழுந்தாலும் இதையே செய்ய வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஆசனமும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம் என்பதை, வேலையை விட்டுவிட்டு வந்துவிடவா என்று பின்னாளில் தம்மிடம் கேட்ட அதிகாரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இருக்கிற இடத்தில் இருந்தே செய்யும்படிதான் அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

தத்துவமாக இது எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. பயன்பாட்டுப் பொருளாக மட்டும் மதிப்பிட்டால், இது அலுவலகத்தில் வேலை செய்கிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில், மேலதிகாரியிடமிருந்து ஒரு குத்தலான மின்னஞ்சல் வரும். அதற்குப் பதில் எழுத விரல்கள் துடிக்கும். அந்தத் துடிப்பு யாருக்கு என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தால், கோபம் போய்விடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பதில் மின்னஞ்சல் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. மூச்சைக் கவனிக்கும் பயிற்சிக்கு ஓர் ஒதுங்கிய மூலையாவது வேண்டும். இதற்கு அதுகூட வேண்டியதில்லை என்பது, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சிறிய வசதி அல்ல. அதே சமயம், பதற்ற நோயோ கடும் மனச்சோர்வோ உள்ளவர்கள் இதை மருந்தாக எண்ணித் தனியாக முயலக் கூடாது என்று நினைக்கிறேன். தன்னையே துருவித் துருவிக் கேட்பது சிலருக்கு உள்ள சுழலை இன்னும் வேகமாக்கும். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே சரி, ஆசிரமத்தில் அவர்களை அடையாளம் கண்டு உதவும் ஏற்பாட்டை எதிர்பார்க்க இயலாது.

வழிகாட்டி இல்லாதது இந்த இடத்தின் பெரிய குறை என்று சிலர் சொல்வதை நான் பாதி ஏற்கிறேன். கேள்வி கேட்க ஆள் இல்லாதபோது, பக்கத்தில் உட்கார்ந்து வேகமாகப் பேசும் யாரோ ஒருவர் குருவாகிவிடும் அபாயம் உண்டு. ஆசிரமத்துக்கு வெளியே, செங்கம் சாலையின் தேநீர்க் கடைகளிலும் காபிக் கடைச் சுவர்களிலும், சத்சங்கம், ஞான தரிசனம், ஒலிக் குளியல் என்று விளம்பரத் தாள்கள் ஒட்டியிருக்கும். உள்ளே கிடைக்காத பேச்சுக்கு வெளியே சந்தை உருவாகியிருக்கிறது. ஆசிரமம் அவற்றுக்குப் பொறுப்பல்ல. ஆனாலும், முதல் முறை வருபவர்களுக்கு நாளில் அரை மணி நேரம், மூத்தவர் ஒருவர் அமர்ந்து எளிய ஐயங்களைத் தீர்க்க ஓர் ஏற்பாடு இருந்தால் குடிமுழுகிப் போய்விடாது.

மாலையின் தமிழ்ப் பாராயணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் வேத பாடசாலை மாணவர்கள் ஓதுவது செவிக்கு இனிமையாக இருந்தாலும், பொருள் தெரியாத எனக்கு அது ஓர் ஓசை அனுபவமாகவே நின்றுவிடுகிறது. தமிழ்ப் பாராயணம் அப்படி அல்ல. கிழமைக்கு ஒரு பகுதியாக, ரமணர் இயற்றிய பாடல்களை ஆண்களும் பெண்களும் இரு பக்கமாக அமர்ந்து, மாறி மாறி, அவசரமும் அலங்காரமும் இல்லாத ஒரே மெட்டில் ஓதுகிறார்கள். மேடைக் கச்சேரியின் உருக்கத்தை எதிர்பார்த்து வருபவர்கள் சலித்துப்போவார்கள். ஆனால் வெண்பாவின் தளை பிசகாமல் சொற்கள் வந்து விழும்போது, அடுத்த அடியைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டிய கட்டாயத்தால் மனம் வேறெங்கும் போக முடியாமல் நிற்கிறது. பாதி நாள் பழைய ஹாலில் முயன்றும் கிடைக்காத நிலை, முக்கால் மணி நேரப் பாராயணத்தில் தானாக வந்து சேர்ந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ரமணரின் அடியவரான புலவர் முருகனார் வேண்டியதற்கிணங்க 1927-இல் எழுதப்பட்ட உபதேச உந்தியாரின் முப்பது பாடல்கள் அதற்கு மிகவும் ஏற்றவை: பூசை, செபம், தியானம், விசாரம் என்று ஒவ்வொரு படியாக, ஆளுக்கு ஏற்ற இடத்தை அது காட்டிக்கொண்டே போகிறது. புத்தகம் அங்கேயே கிடைக்கும். கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து ஓதலாம், யாரும் குரலைச் சோதிப்பதில்லை.

மீதி வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூலகம் நன்றாக இருக்கிறது. கோசாலை உண்டு. பசு லட்சுமிக்கும், நாய்க்கும், மானுக்கும், காகத்துக்கும் சமாதிகள் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் அங்கே போகலாம். மயில்கள் அழகானவை; குரங்குகள் அப்படி அல்ல, கையில் பழம் இருந்தால் மறைத்துக்கொள்ள வேண்டும். பின்வாசல் வழியாகக் கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதை கற்களால் நன்கு அமைக்கப்பட்டது. நிதானமாக ஏறினால் அரை மணி நேரம் பிடிக்கும். வழியில் ஓரிடத்தில் கோயிலின் மதில்களும் கோபுரங்களும் முழுமையாகத் தெரியும். செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் வெயிலுக்கு முன்பே போய்த் திரும்பிவிட வேண்டும். ஆசிரமம் இருப்பது கிரிவலப் பாதையில் என்பதால் சாலை இரைச்சல் உள்ளே கேட்கத்தான் செய்யும். பதினான்கு கிலோமீட்டர் சுற்றுப் பாதை முழுவதும் பௌர்ணமி இரவில் மக்கள் வெள்ளமாக இருக்கும்போது அமைதியைத் தேடி அங்கே போவது பொருத்தமற்றது.

வீட்டுக்கு வந்த பிறகு எது நிற்கிறது என்பதே என் அளவுகோல் என்று தொடக்கத்தில் சொன்னேன். பழைய ஹாலில் கிடைக்கும் அமைதி, உண்மையைச் சொன்னால், திண்டிவனம் தாண்டுவதற்குள் கரைந்துவிடுகிறது. சுங்கச்சாவடி வரிசையில் ஹாரன் அடிக்கும் முதல் ஆள் நானாகவும் இருந்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வருபவை அவ்வளவு எளிதில் கரைவதில்லை. காலையில் காய் நறுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்; கீரைத் தண்டு குப்பைக்குப் போவதில்லை; தண்டைப் பொடியாக நறுக்கிப் பருப்போடு வேகவைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. கைப்பேசி சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. இதில் ஆன்மிகம் எங்கே வந்தது என்று என் மனைவி கேட்டாள். விளக்கம் சொல்லத் தொடங்கினேன். நறுக்கும்போது பேசாமல் நறுக்கினால் விரல் தப்பும் என்றாள். ரமணரே அந்தச் சமையலறையில் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

யார் போகலாம் என்று கேட்டால், ஏற்கெனவே ஏதேனும் ஒரு பயிற்சியில் ஓரளவு பழகியவர்களும், எந்தப் பயிற்சியும் வேண்டாம், சில நாட்கள் ஒழுங்கான நேரத்தில் உண்டு, நடந்து, தூங்கினால் போதும் என்பவர்களும் தயங்காமல் போகலாம். படிப்படியாகக் கைப்பிடித்து நடத்த ஒருவர் வேண்டும் என்பவர்கள் முதலில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டுப் பிறகு இங்கே வருவது நல்லது. கார்த்திகை தீபத்தையொட்டிய நாட்களிலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் அறை கிடைப்பது அரிது. வார நாட்களைத் தேர்ந்தெடுத்து, ஓரிரு மாதங்களுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். தங்க இடம் கிடைக்காவிட்டாலும் சமாதி ஹாலுக்கும் பழைய ஹாலுக்கும் பாராயணத்துக்கும் யாரும் வரலாம். ஒரே நாளில் சென்று திரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்குள் வந்து, மாலைத் தமிழ்ப் பாராயணம் முடியும்வரை இருக்கும்படி பேருந்தைத் திட்டமிட்டுக்கொள்வது நலம்.